பகையிலிருந்து உடன்படிக்கைக்கு: டெரி பிராட்செட்டின் எலிக்கதை – ஓர் ஆய்வு

முன்னுரை

விலங்குகளைப் பேசவைத்து அவற்றின் வாயிலாக மனிதருக்கு அறிவு புகட்டும் மரபு மிகத் தொன்மையானது. வடமொழிப் பஞ்சதந்திரம் பாரசீக மன்னர் முதலாம் குஸ்ரோவின் காலத்தில் (531–579) பஹ்லவி மொழிக்குச் சென்றது. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அதனை அரபு மொழியில் ‘கலீலா வ திம்னா’ என ஆக்கினார். அவ்வழியே அது ஐரோப்பிய மொழிகள் பலவற்றையும் சென்றடைந்தது. தமிழில் தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திர உரைநடை 1826-இல் வெளிவந்தது. இக்கதைகளில் சிங்கம் அரசனாகும், நரி அமைச்சனாகும், எலியும் காகமும் நண்பர்களாகும். ஆயினும் இவ்விலங்குகள் பெரும்பாலும் மனிதரின் வேடங்களே. தோலை நீக்கிப் பார்த்தால் உள்ளே நிற்பவன் மனிதனே.

விலங்கு விலங்காகவே இருந்து, பேச்சும் சிந்தனையும் பெற்று, மனிதன் வாழும் ஊரிலேயே தானும் வாழ இடம் கேட்டால் என்ன நிகழும்? அதிலும் அவ்விலங்கு பசுவோ குதிரையோ அன்றி, மனிதன் அருவருத்துக் கொல்லும் எலியாக இருந்தால் என்ன நிகழும்? இவ்வினாவை நகைச்சுவை நிறைந்த ஒரு கற்பனைப் புதினம் எழுப்பி, அதற்கு விடையும் காண முயல்கின்றது. ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட் எழுதிய ‘தி அமேசிங் மாரிஸ் அண்ட் ஹிஸ் எஜுகேட்டட் ரோடன்ட்ஸ்’ என்பதே அந்நூல். ‘வியத்தகு மாரிசும் அவனுடைய கற்றறிந்த எலிகளும்’ என அதன் பெயரைத் தமிழாக்கலாம். இந்நூலில் மனிதருக்கும் எலிகளுக்கும் இடையே உடன்பாடு எவ்வாறு பிறக்கின்றது, அதற்கு எவை தடையாயின, அவ்வுடன்பாட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் யாவர் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஆசிரியரும் நூலும்

டெரி பிராட்செட் 1948-இல் இங்கிலாந்தில் பிறந்தார். 1983-இல் வெளிவந்த ‘தி கலர் ஆஃப் மேஜிக்’ என்னும் புதினத்துடன் அவருடைய ‘டிஸ்க்வேர்ல்டு’ வரிசை தொடங்கியது. தட்டையான வட்டத்தட்டு வடிவில் ஓர் உலகம். அதனை நான்கு யானைகள் தாங்குகின்றன. அவ்யானைகள் ஒரு பெரும் ஆமையின் முதுகில் நிற்கின்றன. இக்கற்பனை உலகில் நாற்பத்தொரு புதினங்களை அவர் படைத்தார். 2007-இல் அல்சைமர் எனப்படும் மறதி நோய் தமக்கு இருப்பதை அறிந்த பின்னரும் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. 2015-இல் மறைந்தார்.

நாம் எடுத்துக்கொண்ட நூல் இவ்வரிசையில் இருபத்தெட்டாவது. இளம் வாசகர்க்கென அவ்வரிசையில் எழுதப்பட்ட முதல் நூலும் இதுவே. 2001-இல் வெளிவந்த இந்நூல், பிரித்தானியாவில் சிறுவர் இலக்கியத்திற்கு வழங்கப்பெறும் கார்னகி பதக்கத்தைப் பெற்றது. 2022-இல் இயங்குபடமாகவும் ஆக்கப்பட்டது. சிறுவர் நூல் என்று இதனை ஒதுக்கிவிடுதல் தகாது. கொலை, வஞ்சகம், இறப்பச்சம், நம்பிக்கையின் சிதைவு ஆகிய கனத்த பொருள்களை இந்நூல் தயங்காது எடுத்தாள்கின்றது.

கதைப்போக்கு

மந்திரவாதிகளின் பல்கலைக்கழகம் ஒன்றின் பின்புறக் குப்பைமேட்டில் கிடந்தவற்றை உண்ட எலிக்கூட்டம் ஒன்று அறிவும் பேச்சும் பெறுகின்றது. மாரிஸ் என்னும் பூனையும் பேசத் தொடங்குகின்றது. பேதை போலத் தோன்றும் கீத் என்னும் இளைஞனைக் குழலூதச் செய்து, மாரிஸ் ஒரு சூழ்ச்சித் தொழில் நடத்துகின்றது. எலிகள் ஓர் ஊருக்குள் புகுந்து தொல்லை தரும், ஊரார் அஞ்சுவர், கீத் குழலூதி எலிகளை வெளியேற்றுவதாக நடித்துப் பணம் பெறுவான். பிறகு அனைவரும் அடுத்த ஊருக்குச் செல்வர். இது நேர்மையன்று என்பதை எலிகளே உணர்ந்து, இனி ஒருமுறைதான் இச்செயல் என்று கூறும் நிலையில் ‘பேட் பிளின்ட்ஸ்’ என்னும் ஊரை அடைகின்றன.

அவ்வூரில் கடும் உணவுப் பஞ்சம். எலிகளே அனைத்தையும் தின்றுவிட்டன என்று ஊரார் நம்புகின்றனர். எங்கு நோக்கினும் பொறிகளும் நஞ்சும். ஆனால் உயிருள்ள எலி ஒன்றுகூட அகப்படவில்லை. நகரத் தலைவரின் மகள் மலீஷியாவின் துணையுடன் உண்மை வெளிப்படுகின்றது. எலி பிடிப்போர் இருவரே உணவைத் திருடிப் பதுக்கினர். அவர்கள் கூலிக்காகக் காட்டிய எலிவால்கள் உண்மையில் காலணிக் கயிறுகள். பிடித்த எலிகளையோ கூண்டுகளில் பெருக்கி, நாய்களை ஏவிக் கொல்லும் சூதாட்டத்திற்குப் பயன்படுத்தினர்.

இதனினும் கொடியது ஒன்று நிலவறையில் உள்ளது. அதன் பெயர் ‘ஸ்பைடர்’. வால்கள் முடிச்சிடப்பட்டு ஒன்றாக்கப்பட்ட எட்டு எலிகளின் கூட்டு மனம் அது. ‘எலியரசன்’ என ஐரோப்பிய நாட்டார் வழக்கில் வழங்கும் இத்தகைய முடிச்சுக்குச் சான்றாக, முப்பத்திரண்டு எலிகளைக் கொண்ட உலர்ந்த தொகுதி ஒன்று செருமனியின் ஆல்டன்பர்க் அருங்காட்சியகத்தில் உள்ளது. அது 1828-இல் கண்டெடுக்கப்பட்டது. நாட்டார் வழக்கின் அச்சத்தைப் பிராட்செட் வெறுப்பின் வடிவமாக மாற்றுகின்றார். மனிதரால் துன்புறுத்தப்பட்டுப் பிறந்த ஸ்பைடர், மனிதர் அனைவரையும் பழிவாங்க விழைகின்றது. அதனை எதிர்த்து மாரிஸ் பாய்கின்றது, ஸ்பைடர் அழிகின்றது. எலிகளின் சிந்தனையாளராகிய ‘டேஞ்சரஸ் பீன்ஸ்’ உயிர் நீக்கின்றார். மாரிசும் இறந்துபடுகின்றது. பூனைக்கு ஒன்பது உயிர் என்னும் ஆங்கில வழக்கைக் கொண்டு, தன் உயிர்களில் ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்து அவ்வெலியை மீட்கின்றது மாரிஸ். இதன் பின்னரே மனிதரும் எலிகளும் பேச்சுவார்த்தைக்கு அமர்கின்றனர்.

நகைச்சுவையின் பணி

எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கும் நகை தோன்றும் களங்கள் எனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்துள்ளார். இந்நூலின் நகையையும் இவ்வகைமை கொண்டு விளக்கலாம். எலிகள் தமக்குப் பெயர் சூட்டிக்கொண்ட முறையில் பேதைமை நகை தோன்றுகின்றது. பொருள் அறியும் முன்னரே உணவுப் பெட்டிகளிலும் விளம்பரப் பலகைகளிலும் கண்ட சொற்களின் ஓசையில் மயங்கி அவற்றைப் பெயராக்கிக்கொண்டன. ஆதலால் ஞானி ஒருவர்க்கு ‘ஆபத்தான அவரை’ என்று பெயர். நடனமாடும் எலிக்குச் ‘சார்டீன்ஸ்’ என்னும் மீனின் பெயர். வீரனுக்கு ‘டார்க்டான்’ என்னும் நிறத்தின் பெயர். ஊர்மன்றத்தின் ஆரவாரத்தில் எள்ளல் நகை பிறக்கின்றது. வாழ்க்கையையே கதைப்புத்தகமாகக் கருதும் மலீஷியாவிடம் இளமை நகை உண்டு.

இந்நகை வெறும் பொழுதுபோக்கன்று. அருவருப்பு இருக்குமிடத்தில் உரையாடல் நிகழாது. எலியை நோக்கி நகைத்த வாசகர், சிறிது நேரத்தில் அதனோடு சேர்ந்து நகைக்கத் தொடங்குகின்றார். பின்னர் அதன் துயருக்கு இரங்குகின்றார். ஊரார் மனத்தில் இறுதியில் நிகழ வேண்டிய மாற்றத்தை வாசகர் மனத்தில் ஆசிரியர் முன்கூட்டியே நிகழ்த்திவிடுகின்றார். மாரிசின் ஒரு பழக்கம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இரையைப் பிடித்தவுடன், ‘உனக்குப் பேச வருமா?’ என்னும் பொருள்படக் கேட்டுவிட்டே அது உண்ணும். படிக்கும்போது சிரிப்பு வருகின்றது. ஆனால் மாரிஸ் பேச்சுப் பெற்றதே, பேசும் எலி ஒன்றை அறியாது உண்டதனால்தான் என்பது பின்னர் தெரியவரும்போது அச்சிரிப்பு உறைந்துவிடுகின்றது. வேடிக்கை என நாம் எண்ணியது, குற்றவுணர்வு கற்பித்த ஒழுக்கம் என்பது புலப்படுகின்றது.

உடன்பாட்டுக்குத் தடையான மூன்று

கதையை ஊன்றி நோக்கின் உடன்பாட்டைத் தடுக்கும் ஆற்றல்கள் மூன்றெனக் காணலாம்.

முதலாவது, பொய். ஊராருக்கும் எலிகளுக்கும் இடையே இருந்த பகையில் பெரும்பகுதி புனையப்பட்டது. பஞ்சத்திற்குக் காரணம் எலி என்னும் கூற்றால் எலி பிடிப்போர் இருவரும் ஆதாயம் அடைந்தனர். அச்சம் நீடிக்கும் வரை அவர்களுக்குக் கூலியும் உண்டு. திருட்டுக்கு மறைப்பும் உண்டு. தம் பக்கத்திலேயே இருக்கும் திருடனை ஊரார் காணாமற் போனதற்குக் காரணம், பழி சுமத்த ஏற்ற ஓர் இனம் முன்னமே இருந்தமைதான். இரு சாரார்க்கிடையே பகை மூளும்போது அதனால் வயிறு வளர்ப்பவர் யாவர் என்று முதலில் வினவ வேண்டும் என்பது இங்குப் பெறப்படும் பாடம்.

இரண்டாவது, பழிவெறி. ஸ்பைடரின் சினத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதனைத் துன்புறுத்தியோர் மனிதரே. ஆயினும் தான் பட்ட துன்பத்தை உரிமையாகக் காட்டிப் பிறர் அனைவரையும் அழிக்க முனைகின்றது அது. தன் இனத்து எலிகளையும் தன் விருப்பத்திற்கு அடிமையாக்குகின்றது. டேஞ்சரஸ் பீன்ஸ் அதற்குப் பணிய மறுக்கின்றார். கண்பார்வை மங்கிய, உடல் மெலிந்த அச்சிறு வெள்ளெலி, எலிகள் சிந்திப்பதால்தான் உயர்ந்தன என்பதைக் கைவிட மறுத்து நிற்கும் இடமே நூலின் அறவுச்சி எனலாம்.

மூன்றாவது, எளிய கனவு. எலிகளிடம் ஒரு சிறுவர் புத்தகம் உள்ளது. அதில் முயலும் எலியும் பாம்பும் ஆடையணிந்து, மனிதரோடு பேசி, இன்புற்று வாழ்கின்றன. அவ்வுலகம் எங்கோ உண்மையில் உள்ளதென நம்பி, மனிதரும் எலிகளும் இணைந்து வாழும் இடத்தை நாடியே டேஞ்சரஸ் பீன்சும் ‘பீச்சஸ்’ என்னும் எழுத்தர் எலியும் பயணம் செய்கின்றனர். அது சிறுவர்க்கான கட்டுக்கதையே என்று மலீஷியா கூறக் கேட்டவுடன் அவர்கள் நொறுங்கிப்போகின்றனர். அக்கனவில் யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. யாரும் யாருக்கும் ஈடு செய்யவில்லை. ஆதலின் அது வழிகாட்டியாகப் பயன்படவில்லை. எனினும், அப்படி ஒரு வாழ்வு கூடும் என்னும் எண்ணத்தை விதைத்ததும் அக்கனவே என்பதை மறுத்தற்கில்லை.

உடன்படிக்கை பிறந்த விதம்

பொய் வெளிப்பட்டது, பழிவெறி வீழ்ந்தது, கனவு கலைந்தது. இம்மூன்றும் நீங்கிய பின்னரே மெய்யான உடன்பாட்டுக்கு இடம் உண்டாயிற்று. அதன் வளர்ச்சியில் மூன்று கூறுகளைக் காண்கிறோம்.

முதற்கூறு, இருபாலார்க்கும் பயன். மாரிஸ் ஊராரின் இரக்கத்தை வேண்டி நிற்கவில்லை. அவர்தம் நன்மையைச் சுட்டிக்காட்டுகின்றது. பேசும் எலிகள் ஊரில் இருந்தால் பேசாத எலிகள் நுழையா, உணவு காக்கப்படும், இவ்வியப்பைக் காண வெளியூரார் வருவர், வணிகம் செழிக்கும். பதிலாக எலிகளுக்கு உணவும் ஊதியமும் பாதுகாப்பும் கிடைக்கும். அன்பு பிறக்கும் வரை காத்திருப்பதாயின் உடன்பாடு என்றுமே வராது என்பதை அச்சூழ்ச்சிக்காரப் பூனை நன்கறியும்.

இரண்டாம் கூறு, தலைவர் இருவரின் உரையாடல். எலிகளின் தலைவனான டார்க்டானும் நகரத் தலைவரும் தனித்துப் பேசும் பகுதி நூலில் மிக அமைதியானது, மிக ஆழமானதும்கூட. டார்க்டான் முன்னர்ப் பொறிகளைச் செயலிழக்கச் செய்யும் படைக்குத் தலைவன். தானே பொறியில் சிக்கிச் சாவின் விளிம்பைக் கண்டவன். முதிய தலைவர் ‘ஹாம்ன்போர்க்’ இறந்தபின் தலைமையை ஏற்றவன். நகரத் தலைவரோ ஓயாது குறை கூறும் மக்களுக்கிடையே உழல்பவர். தலைமையின் சுமை இருவர்க்கும் ஒன்றே என்பதை உணர்ந்த கணத்தில், எலி என்றும் மனிதன் என்றும் இருந்த இடைவெளி குறுகுகின்றது. ஒருவர் மற்றவரின் இடரை அறிந்துகொள்ளுதல் உடன்பாட்டின் உயிர்நிலை என்பதை இப்பகுதி உணர்த்துகின்றது.

மூன்றாம் கூறு, விதிகள். எலிக்கூட்டம் முன்னமே தனக்கெனச் சில நெறிகளை வகுத்து, பீச்சசின் கையால் படவெழுத்தில் பதித்து வைத்திருந்தது. ஓர் எலி மற்றோர் எலியைக் கொல்லலாகாது என்பது அவற்றுள் ஒன்று. தமக்குள் சட்டம் கண்ட ஓர் இனமே பிறரோடு சட்டபூர்வமாக உறவாட இயலும். மனிதரோடு செய்துகொள்ளும் உடன்பாடும் ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. கூச்சலும் வாதமும் ஐயமும் நிறைந்த நெடிய பேச்சின் வழியே அது உருவாகின்றது. ஆசிரியர் இதனைச் சுருக்கிவிடாமல் காட்டியிருப்பது பாராட்டத்தக்கது. மணமாலையோடு முடியும் கதைகளுக்கிடையே, குழுக்கூட்டத்தோடு முடியும் கதை இது.

ஹாமலின் கதையும் இக்கதையும்

செருமனியின் ஹாமலின் நகரக் குழலூதி பற்றிய கதையின் மறுவாசிப்பே இந்நூல். 1284-இல் அந்நகரிலிருந்து 130 குழந்தைகள் மறைந்தனர் என்பது பழைய செய்தி. எலிகள் அக்கதையில் இடம்பெற்றது 16-ஆம் நூற்றாண்டில். கிரிம் சகோதரர்கள் இதனைத் தம் தொகுப்பில் சேர்த்தனர்; ராபர்ட் பிரௌனிங் 1842-இல் கவிதையாக்கினார். பிராட்செட் தம் நூலில் மலீஷியாவுக்குக் ‘கிரிம்’ என்னும் குடும்பப்பெயரை அளித்து இக்கடனை நகைச்சுவையோடு ஒப்புக்கொள்கின்றார்.

ஹாமலின் கதையின் உட்கரு முறிந்த ஒப்பந்தமே. எலிகளை ஒழித்தவனுக்குப் பேசிய கூலியை ஊரார் கொடுக்க மறுத்தனர். அதற்குத் தம் மக்களையே இழந்தனர். அக்கதையில் எலிகளுக்குக் குரலே இல்லை. அவை ஆற்றில் மூழ்கி மடிந்ததைப் பற்றி வருந்துவோரும் இல்லை. பிராட்செட் அக்குரலற்றவர்களையே பேசவைத்து, முறிந்த ஒப்பந்தத்தின் இடத்தில் காக்கப்படும் ஒப்பந்தத்தை வைக்கின்றார். பழைய கதையில் குழலூதி ஊரைவிட்டு நீங்குகின்றான். இங்குக் கீத் ஊரிலேயே தங்கி அவ்வூர்க் குழலூதியாகின்றான். ஒப்பந்தம் மதிக்கப்படும் ஊரில் அந்நியனுக்கும் இடம் கிடைக்கின்றது.

கலீலாவில் எலியும் பூனையும்

‘கலீலா வ திம்னா’வில் எலியும் பூனையும் செய்துகொள்ளும் உடன்பாடு ஒன்று உண்டு. இதன் மூலம் மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் உள்ளது. வலையில் சிக்கிய பூனையை எலி காண்கின்றது. தன்னைக் கொல்லக் கீரியும் ஆந்தையும் காத்திருப்பதையும் காண்கின்றது. வலையை அறுத்து விடுவிப்பதாகக் கூறிப் பூனையின் பாதுகாப்பைப் பெறுகின்றது. ஆனால் கடைசிக் கயிற்றை மட்டும் வேடன் நெருங்கும்வரை அறுக்காமல் வைத்திருந்து, பூனைக்குத் தன்னைத் தாக்க நேரமில்லாத தறுவாயில் அறுத்துவிட்டு வளைக்குள் ஓடிவிடுகின்றது. பின்னர்ப் பூனை நட்பு வேண்டியபோது, தேவை தீர்ந்தபின் பகைவரிடம் விலகி நிற்பதே அறிவு எனக் கூறி மறுக்கின்றது.

இது தற்காப்பு அறிவு, குறைகூறத் தக்கதன்று. வலியவனோடு உடன்படும் எளியவன் கடைசிக் கயிற்றைத் தன் கையில் வைத்திருத்தல் நன்றே. ஆயினும் அவ்வுடன்பாடு ஒரு காலைப்பொழுதுக்கு மேல் நீடிக்கவில்லை. பிராட்செட்டின் எலிகள் அடுத்த நாளைப் பற்றியும் அதற்கடுத்த ஆண்டைப் பற்றியும் சிந்திக்கின்றன. ஓடி ஒளிய அவற்றிற்கு வேறு வளை இல்லை. மனிதருக்கும் வேறு ஊர் இல்லை. ஒரே நிலத்தில் வாழ்ந்தாக வேண்டியவர்க்கு நிலைத்த உடன்படிக்கையே கதி என்பது இவ்வொப்பீட்டால் விளங்கும்.

பேசாதவரின் வழக்கு

இவ்வுடன்படிக்கைக்கு ஒரு குறை உண்டு. நாம் அதனை மறைத்தல் ஆகாது. பேசும் எலிகள் ஊரில் குடியேறுகின்றன; பேசாத எலிகளோ குழலிசையால் ஊரைவிட்டு வெளியேற்றப்படுகின்றன. இனி அவை வாராமல் தடுக்கும் காவலும் பேசும் எலிகளின் கடமையாகின்றது. தம் இனத்தில் எளியோரைப் புறந்தள்ளித் தமக்கு இடம் பெற்றனவா அவை? பேச்சு இருந்தால்தான் உரிமையா? மாரிசின் வினாவுக்கு விடை கூற இயலாத எலியின் உயிர் உயிரன்றா?

இவ்வினாவைப் பத்தாம் நூற்றாண்டிலேயே எழுப்பியவர்கள் பஸ்ரா நகரத்து ‘இக்வானுஸ் ஸஃபா’ என்னும் தூய்மைச் சகோதரர் குழுவினர். அவர்தம் மடல்களுள் இருபத்திரண்டாவதில், மனிதரின் அடிமைத்தனத்தைப் பொறாத விலங்குகள் ஜின்களின் அரசன் முன் வழக்குத் தொடுக்கின்றன. கழுதையும் மாடும் ஆடும் பட்ட துன்பங்கள் அங்கு முறையிடப்படுகின்றன. மனிதர் தம் உயர்வுக்குக் கூறும் சான்றுகளை விலங்குகள் ஒவ்வொன்றாக மறுக்கின்றன. இறுதியில் மறுமை வாழ்வும் அதற்குரிய பொறுப்பும் மனிதருக்கு உண்டு என்பதை முன்னிட்டுத் தீர்ப்பு மனிதர் பக்கம் சாய்கின்றது. ஆயினும் படித்து முடித்தவர் நெஞ்சில் விலங்குகளின் முறையீடே ஒலித்துக்கொண்டிருக்கும். இந்நூல் 1316-இல் எபிரேய மொழியிலும், 1810-இல் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியின் சார்பில் மௌலவி இக்ராம் அலியால் உருதுவிலும் பெயர்க்கப்பட்டது. அக்குழுவினரின் பெயரே, கலீலா நூலில் வலையில் சிக்கிய புறாக்களை எலி விடுவிக்கும் கதையிலிருந்து பெறப்பட்டது என்று கோல்ட்சிஹர் என்னும் அறிஞர் கருதினார்.

இரு நூல்களையும் இணைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பஸ்ரா அறிஞர்கள் தீர்ப்பை நாடினர். பிராட்செட் உடன்பாட்டை நாடினார். தீர்ப்பில் ஒருவர் வெல்வார், மற்றவர் தோற்பார். உடன்பாட்டில் இருவரும் சிறிது இழந்து சிறிது பெறுவர். ஆனால் பேரம் பேச அமர முடியாதவர்க்கு உடன்பாட்டில் இருக்கை இல்லை. அவர்களுக்கு அறமும் நீதியுமே துணை. ஆகவே உடன்பாடு நீதிக்கு மாற்றாகாது; நீதிக்குச் செல்லும் வழியில் ஒரு படியாகும்.

முடிவுரை

எலியும் மனிதரும் ஒருவரையொருவர் நேசிக்கத் தொடங்கிவிட்டனர் என்று இந்நூல் முடியவில்லை. அவர்கள் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினர், விதிகளை எழுதினர், அவற்றைக் காக்க முயல்கின்றனர். அவ்வளவே. பூனை மாரிஸ் மட்டும், தான் அமைத்த அமைதியில் தங்காது, அடுத்த ஊரை நோக்கி நடந்துவிடுகின்றது. உடன்பாட்டை உருவாக்குவோர் வேறு, அதனை நாள்தோறும் சுமப்போர் வேறு என்பதை ஆசிரியர் இதனால் குறிப்பாக உணர்த்துகின்றார் எனலாம்.

இலக்கியம் பயிலும் மாணவர் இந்நூலிலிருந்து மூன்றினைக் கொள்ளலாம். அயலாரைப் பற்றிக் காதில் விழும் பழியை ஆராயாது ஏற்றல் கூடாது. பட்ட துன்பம் பிறரை அழிக்க உரிமை தாராது. ஒரே ஊரில் வாழ்வோர் தம்முள் பேசி வகுத்துக்கொள்ளும் நெறி, எத்துணைக் குறையுடையதாயினும், பேசாமல் வளர்க்கும் பகையினும் மேலானது. அதே வேளையில், அந்நெறி வகுக்கும் அவையில் வாய் திறக்க இயலாதவர் யாவர் என்பதையும் கற்றோர் மறவாது கேட்க வேண்டும். அக்கேள்வியைக் கேட்கும் கடமை பேச்சு வாய்த்தவர்க்கே உரியது.